தானாகப் போன் எடுக்கும் ரேடியோ

அத்தை,

நேற்று மதியம் டேனியல் உங்கள் காரின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்து எடுத்தார். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் போட்டு உயிர் கொடுத்தார். சும்மா பார்க்கப் போன நான், கதவு திறந்திருக்கவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இத்தனை நாள் பூட்டிக் கிடந்ததில் சீட்டின் தோல் வாடை உள்ளேயே கெட்டியாக நின்றிருந்தது. ஆம்பூர் கம்பெனியில் நாள் முழுக்கத் தோலுக்கு நடுவில் இருக்கிற எனக்கு அந்த வாடை உறைப்பதே இல்லை. நேற்று உறைத்தது.

டேனியல் வெளியில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். ரேடியோவில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண் குரல் ஆங்கிலத்தில், போனைத் தேடுவதாகச் சொன்னது. அது தேடியது உங்கள் போனை. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்றது. மறுபடியும் தேடுவதாகச் சொன்னது. எனக்குக் கையை நீட்டி அதை அணைக்கக்கூட வரவில்லை.

"இதக் கழட்டிடலாம் கிரேஸ்," என்றார் டேனியல். "அந்தப் பழைய ரேடியோ அட்டைப்பெட்டில அப்படியேதான் இருக்கு. அத மாட்டிட்டா வண்டி முழுசா ஒரிஜினல் ஆயிடும். இனிமே இது யாருக்கு?"

நான் பதில் சொல்லாமல் இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

அந்த அம்பாசடரை நீங்கள் ஆசைக்காக வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கிராமத்து கேஸ்களுக்குப் போய்வந்த வண்டி அது. நெமிலி, சோளிங்கர் பக்கம் பிரசவம் பார்க்க நீங்கள் போனதெல்லாம் அதில்தான். டிரைவர் லீவு போட்ட நாட்களில் நீங்களே ஓட்டிப் போயிருக்கிறீர்கள். வெள்ளை நர்ஸ் புடவையில் ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்க்க ஊரே ரோட்டுக்கு வரும் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். பழைய வண்டிகளை ஆஸ்பத்திரி விற்றபோது, ஓய்வு பெற்றுவிட்ட நீங்கள் போய் அதைக் கேட்டு வாங்கினீர்கள். ரொம்ப காலம் வேப்பமரத்தடியில் கிடந்தது. பிறகுதான் அதைப் புதுப்பிக்கும் பைத்தியம் உங்களுக்கும் உங்கள் மகன் டேனியலுக்கும் ஒன்றாகப் பிடித்தது. தகரம் மாற்றி, பெயிண்ட் அடித்து, எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட யானைத் தந்த நிறத் தோலில் சீட்டு தைத்து, எல்லாம் முடிந்த பிறகு பாக்கி இருந்தது ரேடியோ மட்டும்தான்.

அதில்தான் வீட்டில் சண்டை வந்தது. காரின் வயதே உள்ள ரேடியோ ஒன்றை டேனியல் எங்கேயோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைத் திருகுகள் இரண்டு, நடுவில் கண்ணாடி, அதில் ஊசி. அதைப் பார்த்து நீங்கள் வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "எனக்குப் புது ரேடியோதான் வேணும்," என்றீர்கள். எதற்கு என்று சொல்லவில்லை. உங்கள் பிடிவாதம் தெரிந்ததுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆம்பூரில் அன்வர் பாயின் கடைக்கு நீங்களும் நானும்தான் போனோம். அவர் தட்டு மாதிரி ஒரு பெரிய தொடுதிரையை எடுத்து மேஜை மேல் வைத்தார். மேப், சினிமா, பின்பக்கம் பார்க்கும் கேமரா எல்லாம் அதில் வரும் என்றார்.

"இது உள்ள போவணும்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டீர்கள்.

"டேஷ்போர்ட கொஞ்சம் வெட்டணும் மேடம்."

"வெட்டக் கூடாது. அத விடுங்க. வேற?"

அவர் சின்னதாக ஒன்றைக் கொண்டு வந்தார். முகம் மட்டும் பழசு மாதிரி இரண்டு திருகு, உள்ளே எல்லாம் புதுசு. பழைய ரேடியோவுக்கு விட்ட ஓட்டையிலேயே உட்காரும். நீங்கள் திருகைத் தொட்டுப் பார்த்தீர்கள். பாட்டு எப்படிக் கேட்கும் என்று கேட்கவில்லை. ஸ்பீக்கர் எத்தனை என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

"போன் வந்தா, நான் எதையும் தொடாம தானா எடுக்குமா?"

"செட்டிங் போட்டா எடுக்கும். ஆனா அது பேஜார் மேடம். லோன் வேணுமான்னு கேக்கறவனக்கூட எடுத்துடும்."

"எடுக்கட்டும். போன் பைக்குள்ள இருந்தாலும் எடுக்குமா? பை பின்சீட்ல இருந்தா?"

"எடுக்கும்."

"நான் பேசறது அவங்களுக்குக் கேக்குமா?"

"தலைக்கு மேல மைக் வெச்சிடறேன். மெதுவாப் பேசினாலும் கேக்கும்."

"அப்ப இதையே போடுங்க."

உங்கள் காரில் கரண்ட் தலைகீழாக ஓடுகிறது, பேட்டரியின் பிளஸ் பக்கம் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது, அப்படியே மாட்டினால் ஒயர் எரிந்துவிடும் என்று அன்வர் பாய் சொன்னார். அதை மாற்றிக் கட்ட மத்தியானம் முழுவதும் ஆனது. முதல் தடவை சாவியைத் திருப்பும்போது அவரே கதவைத் திறந்து ஒரு காலை வெளியில் வைத்துக்கொண்டுதான் திருப்பினார். நான் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றேன். புகை எதுவும் வரவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அங்கிருந்தே என் போனில் உங்களைக் கூப்பிட்டேன். கார் பதில் சொன்னது.

திரும்பி வரும்போது பள்ளிகொண்டாவுக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தினீர்கள். கண்ணாடியில் பின்னால் வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"இப்படியே நேராப் போனா நம்ம வீடா, கிரேஸ்?"

விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த உங்கள் விரல்களைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

"ஆமா அத்த. நேராதான்."

"இது மூணாவது தடவ. முன்னாடி ரெண்டு தடவ தனியா இருந்தேன். யாராவது போன் பண்ணாங்கன்னா வழி கேக்கலாம்னு இருந்தேன். போன் அடிச்சது. பைல எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியல, தேடறதுக்குள்ள நின்னு போச்சு." கண்ணாடியிலிருந்து என் பக்கம் திரும்பினீர்கள். "எனக்கு இது இன்னான்னு தெரியும்மா. இந்த மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன். பயமா இருக்கு. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அதுவரை உங்கள் வாயில் பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல் நாள் உங்கள் பேத்தி அழுதபோது, மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, எப்போதும் வீட்டில் பயப்படாதவர் நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவரும் பயந்துவிட்டால் இனி யாரைப் பார்ப்பது என்றுதான் எனக்குத் தோன்றியது. வரிசையாக லாரிகள் கடக்கும்போது கார் லேசாக ஆடியது.

அன்றைக்கே டேனியலிடம் சொன்னோம். டாக்டரிடம் போனோம். ஸ்கேன், கேள்விகள், படம் வரையச் சொல்வது எல்லாம் நடந்தது. மறதி நோயின் ஆரம்ப நிலைதான், ஆனால் இனி தனியாக ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். நீங்கள் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் சாவியை நீங்களே என் கையில் கொடுத்தீர்கள். மாற்றுச் சாவி ஒன்று ஆஸ்பத்திரிக் காலத்திலிருந்தே உங்கள் பீரோவில் கிடந்தது எனக்கும் தெரியாது, டேனியலுக்கும் தெரியாது. உங்களுக்கே அது நினைவில் இருந்திருக்காது, அந்த மழை நாள் வரை.

அன்று கம்பெனியில் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்திருந்தார். ஷூக்களை வரிசையாக வைத்துக் காட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மல்லிகா போன் செய்தாள்.

"அக்கா, உங்க அத்த கார எடுத்துட்டுப் போய்ட்டாங்க. நான் கூப்பிட கூப்பிட நிக்கவே இல்ல. வெள்ளப் புடவ கட்டிட்டுப் போறாங்க."

கையிலிருந்த ஷூவை எங்கே வைத்தேன் என்று தெரியாது. மாடிப்படியில் நின்று உங்கள் எண்ணை அழுத்தினேன். ஒரு தடவை மணி அடித்தது. டக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்ஜின் ஓடுவதும், வைப்பர் அடிப்பதும், மழையும் கேட்டது.

"அத்த, எங்க இருக்கீங்க?"

"யாரு பேசறது?"

"நான் கிரேஸ் அத்த."

"எந்த கிரேஸ்? நான் கேசுக்குப் போய்ட்டிருக்கேன். நெமிலி. ரெண்டாவது பிரசவம், மொதலே கஷ்டமானது. அப்புறம் பேசு."

அந்தக் குரல் உங்களுடையதுதான், ஆனால் வயது குறைவு. அவசரமும் அதிகாரமும் உள்ள ஒரு குரல். நான் உங்கள் வாழ்க்கையில் வராத ஒரு காலத்தில் அந்தக் கார் போய்க்கொண்டிருந்தது.

"உங்களுக்கு முன்னாடி இன்னா தெரியுது?" என்று கேட்டேன்.

"ஆறு. தண்ணி ஜாஸ்தியா போவுது. தரைப்பாலத்து மேலயும் போவுது. இந்தப் பக்கம் பெரிய கோயில் மதிலு." யாரோ கண்ணாடியைத் தட்டிக் கத்துவது கேட்டது. "வழி விட மாட்றானுங்க. பாலத்து மேல தண்ணி கம்மியாதான் இருக்கு, போய்டலாம்."

பாலாறும் கோயில் மதிலும் தரைப்பாலமும் என்றால் விரிஞ்சிபுரம். நெமிலிக்கு நேர் எதிர்த் திசை. அந்தப் பாலத்தின் மேல் வெள்ளம் போகிறது என்று காலையில்தான் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

அத்தை, போகாதீர்கள் என்று கத்தினால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு மருமகள் இல்லை, மகன்கூட இல்லை. நெமிலியில் ஒருத்தி வலியில் கிடக்கிறாள், அவ்வளவுதான். என் வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"சிஸ்டர், நான் லேபர் வார்டுலேர்ந்து பேசறேன். அந்த நெமிலி அம்மாவ இங்க கொண்டு வந்துட்டாங்க. வலி ஜாஸ்தியா இருக்கு. டாக்டர் இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்."

வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"புதுசா வந்த பொண்ணா நீ?"

"ஆமா சிஸ்டர். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அது உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று நினைக்கிறேன். ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் சத்தம் வந்தது.

"பயந்தா பயந்துட்டுப் போ. கை நடுங்கினாலும் வேல செய்யும். மொதல்ல முழங்கை வரைக்கும் கழுவு. கழுவிட்டியா?"

"கழுவறேன் சிஸ்டர்."

கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த சூப்பர்வைசர் பெண் தன் போனில் டேனியலுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் சென்னையில் ஆபீசில் இருந்தார். எனக்கு அது எதுவும் காதில் விழவில்லை. நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். துணி சூடாக இருக்கிறதா, தலை தெரிகிறதா, அவள் மூச்சு எப்படி வாங்குகிறாள். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள் இல்லையே. தோன்றியதைச் சொன்னேன். தப்பாகச் சொன்னால் நீங்கள் சந்தேகப்பட்டு மறுபடியும் கிளம்பிவிடுவீர்களோ என்று ஒவ்வொரு பதிலுக்கும் பயந்தேன். நீங்கள் சந்தேகப்படவில்லை. புதுப் பெண் தடுமாறுவாள் என்று உங்களுக்குத் தெரியும்.

"கழுத்துல கொடி சுத்தியிருக்கா பாரு. விரல விட்டுப் பாரு. அவகிட்ட பேசிட்டே இரு, நீ வாய மூடினா அவ பயந்துடுவா."

மாதனூர் தாண்டியதும் லைன் அறுந்தது.

வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அந்தச் சில நிமிஷம்தான். திரும்பத் திரும்ப அழுத்தினேன். சிக்னல் இல்லை. வண்டியில் தனியாக, மழையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பேச்சு நின்றுபோன நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எண்ணினேன். புதுப் பெண் தோற்றுவிட்டாள், நானே போக வேண்டும் என்று நினைப்பீர்கள். டிரைவர் ஏதோ சொன்னார். நான் ஜெபம் செய்ய முயன்றேன், ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. பள்ளிகொண்டா அருகில் மணி அடித்தது. ஒரே மணி. டக். ரேடியோ எடுத்துவிட்டது.

"எங்க போய்ட்ட? தலை வந்துடுச்சா?"

"வந்துடுச்சி சிஸ்டர்."

"இழுக்காத. கைய மட்டும் குடு."

ஹைவேயிலிருந்து இறங்கி ஊருக்குள் போய், கூட்டத்துக்குப் பின்னால் வேன் நின்றது. நான் இறங்கி ஓடினேன். ஆற்றுக்கு இறங்கும் சரிவில் உங்கள் கார் நின்றது. முன்சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவுதான் இடம். நாலைந்து பேர் காருக்கு முன்னால் கையைக் கோத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்கள். தண்ணீர் பழுப்பு நிறத்தில், முள்மரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு, சத்தம் போட்டபடி போனது. பாலம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

போனைக் காதில் வைத்தபடியே நடந்தேன். "பொறந்துடுச்சி சிஸ்டர்," என்றேன். நான் சொன்னது காருக்குள்ளிருந்து பெரிய குரலில் எனக்கே திரும்பக் கேட்டது.

"அழுதுச்சா?"

"அழுவுது சிஸ்டர்."

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

கதவைத் திறந்தேன். கையை நீட்டி இன்ஜினை அணைத்தேன். நீங்கள் வெள்ளைப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். முகத்தில் வேலை முடிந்த நிம்மதி. என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பார்க்கப் பார்க்க அந்த முகம் மாறியது.

"நீ ஏன் மழையில நனஞ்சிட்டு நிக்கிற, கிரேஸ்?"

பிறகு முன்னால் போகும் தண்ணீரைப் பார்த்தீர்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தது அப்போதுதான்.

"நான் எங்க போய்ட்டிருந்தேன்? உள்ளதச் சொல்லு."

உள்ளதைச் சொன்னேன். நெமிலி கேஸ், லேபர் வார்டு, குழந்தை, எல்லாம். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். சாவியை உருவி என் கையில் போட்டு, "இத இனிமே என் கண்ணுல காட்டாத," என்றீர்கள். பிறகு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து, உள்ளே வந்து உட்கார்ந்த என் ஈரத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள். டேனியல் வந்து சேரும்வரை அப்படியே இருந்தோம்.

அதற்குப் பிறகு கார் வெளியே போகவில்லை. நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனீர்கள். கடைசி மாதங்களில் நான் உங்களுக்கு மருமகளாக இருந்த நாட்கள் குறைவு, வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருந்த நாட்கள்தான் அதிகம். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "அந்த நெமிலி குழந்த எப்படி இருக்கு?" என்று கேட்பீர்கள். நல்லா இருக்கு சிஸ்டர், பால் குடிக்குது என்பேன். ஒருநாள் தவழுது என்றேன். இன்னொரு நாள் நிக்குது என்றேன். நடக்கிறது என்று சொல்வதற்குள் நீங்கள் இல்லை.

ரேடியோவைக் கழற்றலாமா என்று டேனியல் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வந்ததன் காரணம் இதோ. போன வாரம் அவர் என்னை ஆபீஸ் வண்டியில் காட்பாடி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். பிறந்ததிலிருந்து போய்வரும் வழி. சிக்னலில் நின்றபோது கேட்டார், "இங்க லெப்ட்தானே?" என்று. பாலம் வேலை நடக்கிறது, வழியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், யாருக்கும் குழப்பம் வரும். "ஆமா, லெப்ட்," என்றேன். அன்றிலிருந்து அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் உற்றுக் கேட்கிறேன். பெயர் ஒன்று நினைவுக்கு வராமல் அவர் தடுமாறினால் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுகிறேன். அவர் கேட்காமலே பெயரை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது, கொடுக்காமலும் இருக்க முடியாது. இப்படியே ஒரு வாரம் ஓட்டினேன்.

இன்று காலை காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அந்த ஹைவே ஓரத்தில், லாரிகள் கடக்கும்போது, நீங்கள் எப்படிச் சொன்னீர்களோ அப்படியே சொல்லிவிட்டேன். "எனக்குப் பயமா இருக்குங்க. உங்கள நெனச்சுதான். ரேடியோ அங்கயே இருக்கட்டும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எதிர் வீட்டில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான்," என்றார். "அம்மா போனதுலேர்ந்து தினமும் இருக்கு. நீ பயந்துடுவன்னு சொல்லல."

உங்களைப் பார்த்த அதே டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். ஒன்றும் இருக்காது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. உங்கள் காரிலேயே போகலாம் என்று அவர்தான் சொன்னார். பழைய ரேடியோ அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும் என்றும் அவரே சொன்னார். அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்காருவேன்.

பயம் குறையவில்லை, அத்தை. ஆனால் வழி எனக்குத் தெரியும்.

கிரேஸ்